பாக்கெட் துப்பாக்கி யாரைக் காக்கும்?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பேச்சு வேகமாகப் பரவி வருகிறது. இருபது மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்கூட, "சின்னதா ஒண்ணு, லைசென்ஸோட, பாக்கெட்டுல கெடந்தா ஒரு தைரியமுங்க" என்கிறார். தோட்டத்து வீட்டில் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அது வீட்டுக்கு, வெளியே போகும்போது கையடக்கமாக இன்னொன்று வேண்டும், பெரியது கைகொடுக்காத இடத்தில் சின்னது காப்பாற்றும் என்பது அவர்கள் கணக்கு. முதலிபாளையம் சிட்கோ பேட்டையைச் சுற்றியுள்ள பேக்கரிகளில் சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சை எல்லா விவரத்தோடும் கேட்கலாம். ரிவால்வரா பிஸ்டலா, எத்தனை கிராம், எத்தனை தோட்டா, கான்பூர் சரக்கா ஹர்தோய் சரக்கா, யாரைப் பார்த்தால் லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்கும்.

எதை வாங்குவது என்று இவ்வளவு தூரம் அலசுகிறவர்கள், வாங்கியது எந்த நேரத்தில் எப்படி உதவும் என்று நின்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் இந்தக் கட்டடம் முழுதும் சரிகிறது. பாக்கெட் துப்பாக்கி நம் ஊர்ச் சிறு முதலாளியைக் காக்காது. அவர் காபந்து செய்ய வேண்டிய பொருள்களில் இன்னொன்றைக் கூட்டும்.

பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 செப்டம்பரில் பல்லடம் கள்ளக்கிணறில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2024 நவம்பரில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் வயதான தம்பதியும் மகனும் தோட்டத்து வீட்டிலேயே கொலையானார்கள். 2025 மே மாதம் ஈரோடு மாவட்டம் சிவகிரியில் தோட்டத்தில் தனியாக இருந்த இன்னொரு தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு டவுனில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த மாதங்களில் தூக்கம் போனது. எனக்கும் போனது. துப்பாக்கிப் பேச்சு சூடு பிடித்ததும் அதன் பிறகுதான்.

அதனால் அந்தச் சம்பவங்களிலிருந்தே தொடங்குவோம். கள்ளக்கிணறில் வீட்டருகே குடித்தவர்களைத் தட்டிக் கேட்டதில் தகராறு தொடங்கி, சில நிமிடத்தில் அரிவாளில் முடிந்தது. சிவகிரியில் கொலை நடந்து சில நாள் கழித்து, போனை எடுக்கவில்லையே என்று தேடிப் போனபோதுதான் வெளியே தெரிந்தது. தோட்டத்து வீட்டில் வயதானவர் எப்படி இருப்பார் என்பது நமக்குத் தெரியும். வெயில் காலத்தில் வாசலில் கயிற்றுக் கட்டிலில் துண்டை விரித்துப் படுப்பார். சட்டை உள்ளே ஆணியில் தொங்கும். அந்தச் சட்டைப் பையில் இருக்கும் துப்பாக்கி யாருக்குப் பயன்படும்? உள்ளே நுழைந்தவனுக்குப் பயன்படும். ஆள் தனியாக இருக்கிறார், எந்நேரம் தூங்குகிறார், நாய் உண்டா இல்லையா என்று பல நாள் நோட்டம் பார்த்து வருகிறவன், துப்பாக்கி எந்த ஆணியில் தொங்குகிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

தோட்டத்தில் காட்டுப்பன்றிக்கும் திருடனுக்குமாகப் பயிர்க் காவலுக்கு நீளத் துப்பாக்கி கேட்பவர்களின் வாதம் வேறு. அதை இங்கே நான் எடுக்கவில்லை. என் சண்டை பாக்கெட்டோடு.

பாக்கெட்காரர்கள் சொல்லும் முக்கியமான காரணம் சம்பளப் பணம். சனிக்கிழமை பேங்கில் எடுத்து, நல்லூர் தாண்டி, காங்கேயம் ரோட்டில் முதலிபாளையம் பிரிவில் திரும்பி, பாறைக்குழி ஓரமாக ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் போக வேண்டும். நாலைந்து லட்சம் பையில் இருக்கும். மடக்கினால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. நியாயமாகவே சோதித்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சி கொடுத்த டென்னிஸ் டுவெல்லர் 1983-இல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்கிறவன் ஓடிவந்து குத்த ஏறக்குறைய 1.5 நொடி போதும். இடுப்புப் பட்டையில் உறை போட்டு, அதிலிருந்து உருவுவதையே தொழிலாகப் பழகிய போலீஸ்காரருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். உலகம் முழுக்கப் போலீஸ் பயிற்சியில் இன்றும் இந்தக் கணக்கு பேசப்படுகிறது. இடுப்பில் உறையோடு, நின்றுகொண்டு, ஆபத்து வருகிறது என்று தெரிந்து தயாராக இருப்பவருக்கே நிலைமை இது.

நம் ஆள் நிற்பதில்லை. ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் ஆக்சிலேட்டர், தலையில் ஹெல்மெட், கால் வைக்கும் இடத்தில் பணப்பை. லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவரோடு இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே செய்து பார்த்தோம். செக்யூரிட்டியாக இருக்கும் முன்னாள் ராணுவத்துக்காரர் தோட்டாக்களை எடுத்து செக்கிங் டேபிளில் வரிசையாக வைத்து, ஆறு அறையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காலின்னாலும் ஆளைப் பார்த்து நீட்டக் கூடாதுங்க, எடுத்துத் தரையைக் காட்டுங்க, அது போதும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். நண்பர் ஹெல்மெட் மாட்டி வண்டியில் உட்கார்ந்தார். நான் கட்டிங் டேபிள் நீளத்தைவிடக் குறைவான தூரத்தில் நின்றேன். செக்யூரிட்டி கை தட்டியதும் பையை நோக்கி ஓடினேன்.

உட்கார்ந்த நிலையில் தொடை மடங்கும்போது பேண்ட் பாக்கெட்டின் வாய் இறுகிவிடுகிறது. விரல் உள்ளே போகிறது. பிடியைப் பற்றியதும் அது முட்டி ஆகிவிடுகிறது, வெளியே வர மறுக்கிறது. ரிவால்வரின் தோட்டா உருளை புடைப்பானது, தையலில் முட்டுகிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் உள்துணியில் மாட்டுகிறது. நண்பர் பலமாக இழுத்தபோது பாக்கெட்டே உள்பக்கம் வெளியாக வந்தது, துப்பாக்கி அந்தத் துணிக்குள்ளேயே சுருண்டிருந்தது. அதற்குள் என் கை பையின் வாரில். திரும்பத் திரும்பச் செய்தும் ஒரு தடவைகூட அவர் முந்தவில்லை. வண்டியை விட்டு இறங்கி நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் வழிமறிக்கிறவன் இறங்கி நிற்க நேரம் கொடுப்பானா? அவர்கள் பின்னாலிருந்து வண்டியில் வந்து உதைத்துத் தள்ளுகிறார்கள். விழுந்தவர் கை முதலில் தரையைத்தான் தேடும்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தோம். துப்பாக்கியைத் திறந்தபோது உருளைக்கும் குழலுக்கும் நடுவே வெளிர்நீலப் பஞ்சு அடைந்திருந்தது. தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியிலும் அதே பஞ்சு, எண்ணெயோடு சேர்ந்து களிம்பாக இருந்தது. அந்த வாரம் அவர் கம்பெனியில் ஓடியது வெளிர்நீலத் துணி. "போன வாரந்தானுங்க தொடச்சு வெச்சேன்" என்றார். பனியன் கம்பெனிக்குள் நடமாடுகிறவர் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தால் தெரியும். நிட்டிங்கிலும் ஓவர்லாக்கிலும் பறக்கும் பஞ்சு முழுதும் அங்கேதான் வந்து சேர்கிறது. அதோடு ஏப்ரல் மே வியர்வை. இரும்பில் உப்பு பட்டால் என்ன ஆகும் என்று ஊசியை மாற்றும் டைலரைக் கேட்டாலே சொல்லுவார். வருடத்துக்கு ஒரு தடவை துடைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து எடுத்து வைக்கும் பொருள், அந்த ஒரு நொடியில் சரியாக வேலை செய்யும் என்று உயிரை எப்படிப் பணயம் வைப்பது?

சரி, எடுத்தும்விட்டார், வேலையும் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சுட்டால் என்ன ஆகும்?

பாக்கெட்டுக்காகத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் சிறியதும் லேசானதும் கேட்கிறார்கள். கான்பூரில் செய்து 2014 ஜனவரியில் வெளிவந்த நிர்பீக் சுமார் 500 கிராம். ஈசாப்பூரில் செய்த நிடர் சுமார் 250 கிராம்தான், .22 போர். இந்தத் தேர்விலேயே சிக்கல் இருக்கிறது. துப்பாக்கி லேசாக ஆக, வெடிக்கும்போது கையை அதிகமாக உதறும். குழல் இரண்டு மூன்று அங்குலமாகக் குறைந்தால், முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே உள்ள தூரமும் குறைந்து, கையில் வரும் சின்னப் பிசகு இலக்கில் பெரிதாகும். பாக்கெட்டில் தானாக வெடித்துவிடக் கூடாது என்பதற்காக விசையைக் கனமாக வைப்பார்கள். அந்தக் கனத்தை அழுத்தும்போது முழங்கையிலிருந்து எல்லாமே ஆடும். ஆக, எடுத்துச் செல்ல எது எளிதோ அதுவே சுடுவதற்குக் கடினம். பழக்கமில்லாதவருக்கு அது இன்னும் கடினம். வாங்குகிறவர் யார்? பழக்கமில்லாதவர்தான்.

பழக்கம் உள்ளவர்கள் கதையையும் பாருங்கள். நியூயார்க் போலீஸ் துப்பாக்கிச் சண்டைகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், எதிராளியும் சுடும் சண்டைகளில் போலீஸ் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன. அவர்கள் முழுநேரப் போலீஸ்காரர்கள், பெரிய துப்பாக்கி வைத்திருந்தவர்கள். நம் ரோட்டில் படாத குண்டுகள் எங்கே போகும்? எதிரே பஸ் ஸ்டாப்பில் ஷிஃப்ட் முடிந்து நிற்கும் பெண்கள்மேல், டீக்கடை பெஞ்சின்மேல்.

பட்ட குண்டும் சினிமாவில் போல ஆளைத் தூக்கி எறியாது. 9 மி.மீ. நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை. சட்டப்படி கிடைக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32 போர். அந்தத் தோட்டா 1896-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டுவந்தது. ஆறு கிராம் சொச்சம் ஈயம். அதன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவினுடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 9 மி.மீ. உள்ளிட்ட பெரிய தோட்டாக்களே என்ன செய்தன? 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு கொள்ளையரோடு மோதியபோது, ஒருவன் உடம்பில் பன்னிரண்டு காயம் பட்டும் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகள் செத்தார்கள். அந்த நாளுக்குப் பிறகுதான் அமெரிக்கப் போலீஸ் துறைகள் தங்கள் தோட்டாவையே மாற்ற யோசித்தன. நம்மிடமும் ஒரு சம்பவம் இருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து சுட்டார். பிறகு தன்னையே சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சுட்டே இந்த நிலை என்றால், ஓடிவருகிறவனை ஒரு குண்டு நிறுத்திவிடும் என்று நம்புவது எதை வைத்து?

இரண்டாவது துப்பாக்கி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அது அமெரிக்கப் போலீஸ்காரர் வழக்கம். இடுப்பில் முதல் துப்பாக்கி, அது பறிபோனாலோ சிக்கிக்கொண்டாலோ கணுக்காலில் அல்லது பாக்கெட்டில் இன்னொன்று. 1927-இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல், 1950-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சீஃப்ஸ் ஸ்பெஷல் எல்லாம் அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துப் பிறந்தவை. முதல் துப்பாக்கியும், தினமும் அதைப் பயன்படுத்தும் தொழிலும், கூடவே வயர்லெஸும் துணைக்கு இன்னொரு போலீஸ்காரரும் இருக்கிறவருக்கு அது கடைசி வழி. இதில் எதுவும் இல்லாதவர் அந்தக் கடைசி வழியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு வந்து முதல் வழியாக வைத்துக்கொள்கிறார். எங்கேயோ பார்த்த வீடியோவும் படமும் செய்த வேலை இது.

சிறு துப்பாக்கி யாருக்கு உதவியிருக்கிறது என்று சரித்திரத்தைப் புரட்டினால் பதில் தெளிவாக வருகிறது. 1901-இல் பஃபலோ நகரில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியை நெருங்கியவன், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது ஒரு .32 ரிவால்வர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். 1914-இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைக் கொன்றதும் பெல்ஜியத்துச் சிறு பிஸ்டல். 1948-இல் டெல்லியில் காந்தியைக் கொன்றது இத்தாலியின் பெரெட்டா. இவற்றின் அரசியல் வேறு வேறு, ஒன்றோடு ஒன்றை நான் ஒப்பிடவில்லை. கருவியை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தவன் சுட்டவன். எதிரில் இருந்தவர்களால் அந்த நொடியில் எதுவும் செய்ய முடியவில்லை. மறைத்து வைக்கும் துப்பாக்கியின் பலமெல்லாம் முதலில் முடிவெடுக்கிறவனுக்கே. சம்பளப் பணத்தோடு போகிறவர் முதலில் முடிவெடுக்கிறவர் அல்ல.

"சுடவே வேண்டாமுங்க, கையில இருக்குன்னு தெரிஞ்சாலே பயப்படுவான்" என்று அடுத்த வாதம் வரும். பாக்கெட்டில் இருப்பது எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்பதற்காகத்தானே பாக்கெட்டில் வைப்பது! காட்டிப் பயமுறுத்தலாம் என்றால் அங்கே சட்டம் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதற்கென்று செய்த உறையில் உடம்போடு பொருத்தியோ, தோள்பை போன்ற ஒன்றில் வைத்தோ, முழுவதும் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். எடுத்துக் காட்டுவதும் வீசுவதும் தடை. வெறும் பேண்ட் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் போட்டுக்கொண்டு போவது இந்த விதிக்கே முரண். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் ஆயுதச் சட்டம் 30-ஆம் பிரிவுப்படி ஆறு மாதம்வரை சிறை உண்டு. ஆக, சட்டப்படி மூடி வைத்தால் திருடன் பயப்பட மாட்டான். திருடன் பயப்படும்படி காட்டினால் நாம் குற்றவாளி.

சட்டத்தின் மற்ற பக்கங்களும் பேக்கரிப் பேச்சில் வருவதில்லை. 2019-இல் திருத்தம் வந்தபின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதே வாரங்களில்தான் பறக்கும் படை ரோட்டில் நின்று, 50,000 ரூபாய்க்கு மேல் கணக்கில்லாமல் இருந்தால் பிடித்து வைக்கிறது. முதலாளிக்குப் பணப் பயம் அதிகமாக இருக்கும் வாரங்களில் துப்பாக்கி அவர் கையிலேயே இருக்காது. தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு, என்னைக் காத்துக்கொள்ளத்தான் சுட்டேன் என்று கோர்ட்டில் நிற்பது எளிதல்ல. நாலு லட்சத்துக்காக ஒரு கொலை வழக்கை எத்தனை வருடம் தூக்கிச் சுமப்பது? அதற்குள் ஆர்டர் எல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

மேலும் நம் ரோட்டில் பணம் போகும் வழிகளில் பல, துப்பாக்கிக்குச் சம்பந்தமே இல்லாதவை. பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டு "அண்ணா, உங்க பணம் விழுந்திருச்சு" என்று சொல்லிப் பையைத் தூக்குவது, சட்டையில் அசிங்கத்தைத் தெளித்துத் துடைக்கப் போகும்போது எடுப்பது, வண்டி டிக்கியை உடைப்பது. இவற்றில் எதற்குத் துப்பாக்கியை எடுப்பீர்கள்? டிக்கியில் துப்பாக்கியும் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். அது போய்விட்டால் பணம் போனதைவிடப் பெரிய வழக்கு நம் தலைமேல்.

இந்தப் பேச்சுக்குள் ஒரு விஷம் கலந்திருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். யாருக்குப் பயந்து துப்பாக்கி என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "வடக்கத்திப் பசங்க ரொம்பச் சேர்ந்துட்டாங்களுங்க" என்பார்கள். முதலிபாளையத்திலும் நல்லூரிலும் பாதி மிஷின்களை ஓட்டுவது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள். 2023 தொடக்கத்தில் என்ன நடந்தது என்பது மறந்துவிட்டதா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சோடு கூட்டம் நின்றது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து திருப்பூரிலேயே விசாரித்துப் போனது. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கம்பெனிகள் தவித்தன. அப்படி வதந்தி பறந்த ஒரு வாரத்தில், இரவில் தெரியாத பாஷையில் நாலு பேர் பேசிக்கொண்டு எதிரே வந்தால், பாக்கெட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் கை எங்கே போகும்? பயந்த கையில் துப்பாக்கி இருந்தால் ஆள் தெரியாது, பாஷை மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பொறுப்பு. அவர்கள் உழைப்பில்தான் இந்த ஊர் ஓடுகிறது.

துப்பாக்கி அதிகமானால் பயம் குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மத்திய உள்துறைக் கணக்குப்படி 2016 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் 12,77,914 லைசென்ஸ், தமிழ்நாட்டில் 22,532. அங்கே தொழில் நடத்துகிறவர் நம்மைவிட நிம்மதியாகப் பணம் எடுத்துப் போகிறார் என்று கான்பூரிலிருந்து சரக்கெடுக்க வரும் எந்த வியாபாரியும் என்னிடம் சொன்னதில்லை.

பெண்களுக்காவது இது வேண்டும் என்பார்கள். டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி வந்த நிர்பீக்கின் அன்றைய விலை 1,22,360 ரூபாய். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண் அதை எத்தனை மாதச் சம்பளத்தில் வாங்குவாள்? அவளுக்கு ஆபத்து வருவது லைன் சூப்பர்வைசரிடமிருந்தும், நைட் ஷிஃப்ட் முடிந்து இறக்கிவிடும் வேன் நிற்காத இருட்டு முனையிலிருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பேட்டையில் எத்தனை கம்பெனியில் அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெயர் போர்டில் எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பார்த்தாலே தெரியும்.

மறுபடி பணப்பைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நாலு லட்சத்தை ஏன் ஸ்கூட்டியில் கொண்டுபோக வேண்டும்? சம்பளத்தைப் பேங்க் கணக்கில் போடலாம் என்று 2017-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள், தொழிலாளியிடம் எழுதி வாங்கவும் தேவையில்லை. யுபிஐ வந்து பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கத்திரிக்காய் விற்கும் அம்மா க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார். "லேபர் கைலதான் கேக்கறானுங்க" என்கிறார்கள். சிலர் கேட்கிறார்கள், உண்மை. ஊருக்குப் பணம் அனுப்பும் ஒடிசாக்காரன் கேட்பதில்லை, அவனுக்குக் கணக்கில் வந்தால் வேலை மிச்சம். கையில் கொடுக்க விரும்புவது பல இடங்களில் கொடுக்கிறவர்தான். பேங்கில் போட்டால் ஆள் எண்ணிக்கை தெரியும். பத்துப் பேரைத் தொட்டால் ஈஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப். கான்ட்ராக்டர் பெயரில் பத்தொன்பது பேர், தம்பி பெயரில் பத்தொன்பது பேர் என்று பிரித்து வைத்திருக்கும் கணக்கு வெளியே வரும். இதை முதலாளிகளைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கும் பையருக்கும், தள்ளிப்போகும் பேமெண்டுக்கும் நடுவே அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சனிக்கிழமை ரொக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் காக்க ரிவால்வர் தேடுவது, தன் உயிரையும் எதிரே நடந்து வருகிறவன் உயிரையும் பிஎஃப் பாக்கிக்கு ஈடாக வைப்பது.

கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பிரிவிலிருந்து பேட்டைவரை எரியாத விளக்குகள், பாறைக்குழி ரோட்டில் ராத்திரி ரோந்து, தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியல் ஸ்டேஷனில் இருக்கிறதா, அந்த வீடுகளுக்கு பீட் போலீஸ் கடைசியாக என்றைக்குப் போனார். இவற்றைக் கேட்டால் ஊருக்கே கிடைக்கும். நண்பரின் ரிவால்வர் புதுப்பிக்க வேண்டிய தேதி அடுத்த வருடம் வருகிறது. ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார். ஐம்பத்திரண்டு டைலர்களில் முப்பத்தேழு பேருக்கு இப்போதே பேங்க் கணக்கில்தான் அவர் சம்பளம் போடுகிறார். மீதிப் பதினைந்து பேரையும் அப்படியே மாற்றிவிட்டால், சனிக்கிழமை அவர் பேங்குக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.